கடலும் புளியோதரையும் பாட்டியின் பாட்டும்

“இந்தக் கோடையில் எங்கேயாவது போய்விட்டு வரலாமே!” என்று வீட்டில் யாராவது வாயைத் திறந்தால், மற்றவர்களுக்கு மனசு குளிரும், வீட்டுத் தலைவிக்கு மட்டும் வயிற்றில் புளியைக் கரைக்கும். உங்களுக்கு இந்த அனுபவம் இல்லை என்றால் நீங்கள் பாக்கியசாலி. மேலே படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

எனக்கு வயிற்றில் மட்டுமல்ல, வாணலியிலும் புளி கரைந்தது. சென்ற மே மாதம், அக்கினி நட்சத்திரம் சுட்டெரித்துக்கொண்டிருந்த நாளில், நாங்கள் ஐந்து பேரும் மூன்று நாள் பிரயாணமாக மாமல்லபுரம் புறப்பட்டோம். நான், அவர், என் மாமியார், பத்து வயதுப் பெண், ஐந்து வயதுப் பையன். ஆறாவதாக ஒரு பெரிய தூக்கு நிறையப் புளியோதரை.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ அறுபது கிலோ மீட்டர்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேன் ஓடத் தொடங்கியதும் மாமியார் பையனை மடியில் இருத்திக்கொண்டு ஒரு பாட்டைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். பாட்டு என்றால் ராகமும் தாளமுமாக நினைத்துவிடாதீர்கள். அது அவருடைய டெலிபோன் நம்பர்! பத்து எண்களையும் நலங்குப் பாட்டு மெட்டில் இழுத்து இழுத்துப் பாடினார். பையனும் பாடினான். திருவான்மியூர் தாண்டுவதற்குள் இருபது தடவை ஆகியிருக்கும்.

“அத்தை, தலையை வலிக்கிறது. போதுமே!” என்றேன்.

“உனக்கு வலித்தால் தைலம் தடவிக்கொள். அவனுக்கு மனப்பாடம் ஆக வேண்டும்” என்றார் மாமியார்.

“அதற்குத்தான் என் நம்பரைப் பேனாவால் அவன் கையில் எழுதியிருக்கிறேனே!”

மாமியார் பதில் சொல்லவில்லை. இருபத்தோராவது தடவை பாடினார்.

வாசலில் ஒரு வழக்கு

முதல் நாள் கேளிக்கைப் பூங்கா. அந்தச் சாலையில் இப்படிப் பல இருக்கின்றன. நாங்கள் போனது எது என்று கேட்காதீர்கள். எல்லா இடத்திலும் சட்டம் ஏறக்குறைய ஒன்றுதான்.

வாசலில் நின்ற காவலர் தூக்கைத் திறந்து பார்த்தார். அவர் முகத்தில் ஆசை தெரிந்தது. ஆனாலும், “வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டு போகக் கூடாதும்மா” என்றார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, வறுத்து, பொடித்து, கிளறியது! வாதாடிப் பார்த்தேன். பலிக்கவில்லை. தூக்கு வேனுக்குத் திரும்பியது. உள்ளே ஒரு தட்டுச் சோற்றுக்குக் கொடுத்த விலையில் வீட்டில் இரண்டு நாள் சமையல் செய்யலாம்.

உள்ளே போனதும் உயரம் பார்க்கும் பலகை. பெரிய ராட்டினங்களுக்கு இத்தனை உயரம் வேண்டும் என்று கோடு போட்டிருந்தார்கள். பையன் நுனிக்காலில் நின்றான், மூச்சைப் பிடித்தான், தலைமயிரைத் தூக்கி நிறுத்திக் காட்டினான். இரண்டு அங்குலம் குறைந்தது. அவன் அழுத அழுகையில் வரிசையே திரும்பிப் பார்த்தது. அக்கா மட்டும் ஏறிப் போனாள், இறங்கும்போது முகம் வெளிறி, “தம்பி, நீ அதிர்ஷ்டசாலிடா!” என்றாள்.

அடுத்தது அலைக் குளம். பருத்தித் துணியோடு இறங்கக் கூடாது, நைலான் உடைதான் வேண்டும் என்றார்கள். என் மாமியார் தம் சுங்கடிப் புடவையை ஒரு தடவை பார்த்தார். “எனக்குக் கடவுள் கொடுத்த கடல் போதும்” என்று சொல்லிவிட்டு, கரையில் அமர்ந்து எங்கள் ஐந்து ஜோடிச் செருப்புகளுக்கும் காவல் இருந்தார்.

நம்மவர் இருக்கிறாரே, உற்சாகத்தில் முதல் ஆளாகக் குதித்தார். இரண்டாவது அலை வந்தபோதுதான் கால்சட்டைப் பையில் செல்போன் இருப்பது நினைவுக்கு வந்தது. அதற்குள் அது ஜலசமாதி அடைந்துவிட்டது. “அரிசிக்குள் புதைத்து வைத்தால் உயிர் வரும்” என்று பக்கத்தில் நின்ற ஒருவர் வைத்தியம் சொன்னார். அரிசிக்கு எங்கே போவது? எங்களிடம் இருந்த அரிசியெல்லாம் புளியோதரையாக அல்லவா மாறியிருந்தது!

அந்தப் புளியோதரையும் இல்லை. மாலையில் வேனுக்குத் திரும்பினால் டிரைவர் தம்பி தூக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். “வெயிலில் கெட்டுப் போயிடுமேன்னு நானும் பக்கத்து வண்டிக்காரங்களுமா சாப்பிட்டோம்மா. பிரமாதம்!” என்றார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கடைசி வார்த்தையில் பாதி போய்விட்டது. பையன் கையில் பேனாவால் எழுதிய நம்பரும் அலைக் குளத்தோடு போய்விட்டிருந்தது. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

முதலை சொன்ன நியாயம்

இரண்டாம் நாள் காலை வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. ராமுலஸ் விட்டேக்கர் என்ற ஊர்வன ஆராய்ச்சியாளர் 1976-ம் ஆண்டில் தொடங்கியது இது. நம் நாட்டு முதலைகள் அருகிக்கொண்டிருந்த காலத்தில் அவற்றைக் காப்பாற்றிப் பெருக்கவே ஏற்பட்டது. முதலைகள் வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடந்தன. “பொம்மையா?” என்றான் பையன். பொம்மையில்லை, உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ள அப்படி வாயைத் திறந்து வைத்திருக்குமாம்.

முதலை விஷயத்தில் இன்னோர் அதிசயம் உண்டு. குட்டி ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது முட்டை புதைந்திருக்கும் மண்ணின் சூடு! இதை என் பெண் பாட்டிக்கு விளக்கிச் சொன்னாள். மாமியார் சிறிது நேரம் முதலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவள் பிறந்தபோது உன்னை என்னென்னவோ சொன்னேன். இந்த ஜாதியில் மருமகளை யாரும் குற்றம் சொல்ல முடியாது, இல்லையா?” என்றார்.

பத்து வருஷத்தில் அதைப்பற்றி அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. “வெயில் ஏறுகிறது அத்தை, வாருங்கள்” என்றேன்.

மாலையில் மாமல்லபுரத்துச் சிற்பங்கள். அர்ச்சுனன் தபசு என்று சிலரும், பகீரதன் கங்கையைக் கொணர்ந்த காட்சி என்று சிலரும் சொல்லும் அந்தப் பெரும் பாறையைக் குழந்தைகளுக்கு எப்படிக் காட்டுவது என்று கவலைப்படாதீர்கள். யானைகளின் காலடியில், பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனை ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி எலிகள்! அதை மட்டும் காட்டிவிட்டால் போதும். மற்றதை அவர்களே தேடிப் பார்ப்பார்கள். வெண்ணெய் உருண்டைப் பாறையை எல்லோரையும் போல நாங்களும் தள்ளுவது போல் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அது நகரவில்லை.

இருபது நிமிஷம்

மூன்றாம் நாள் மாலை. கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டுக் கடலோரம் வந்தோம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மப் பல்லவன் எழுப்பிய கோயில். 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டவற்றில் ஒன்று. உப்புக் காற்றில் ஆயிரத்து முந்நூறு ஆண்டு நின்று சிற்பங்களின் முகங்கள் மழுங்கியிருக்கின்றன. 2004-ல் சுனாமிப் பேரலை இந்தக் கரையில் மணலை அரித்துச் சென்றபோது, அதுவரை புதைந்திருந்த செதுக்கிய பாறைகள் சில வெளிப்பட்டன.

கரையில் ஒரு மீனவப் பெரியவர் வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவரிடம் என் பெண் கேட்டாள்: “தாத்தா, அலை இல்லாத இடத்தில் குளித்தால் ஆபத்து இல்லைதானே?”

பெரியவர் சிரித்தார். “அதான் பாப்பா ஏமாத்துற இடம். ரெண்டு பக்கமும் அலை உடையுது, நடுவுல மட்டும் சும்மா கிடக்குதா? கரைக்கு வந்த தண்ணியெல்லாம் அந்த வழியாத்தான் உள்ளே திரும்பிப் போவுது. மாட்டினா ஆளையும் இழுத்துக்கிட்டுப் போயிடும். எதிர்த்து நீந்தக் கூடாது. கரையை ஒட்டினாப்புல பக்கவாட்டிலே நீந்தி, இழுப்பை விட்டு வெளியே வந்துட்டு, அப்புறம்தான் கரைக்குத் திரும்பணும்.”

நான் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டு முடித்துத் திரும்பினால், பையனைக் காணோம்.

“உங்களோடுதானே இருந்தான்?” என்றேன் அவரிடம்.

“உன்னோடு என்றல்லவா நினைத்தேன்!” என்றார் அவர்.

சகோதரிகளே, அந்த இரண்டு வாக்கியங்களுக்குப் பிறகு உலகத்தில் வேறு சத்தமே எனக்குக் கேட்கவில்லை. அவர் ஒரு பக்கம் ஓடினார். பெண்ணைப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் மறு பக்கம் ஓடினேன். என் கண் கூட்டத்தைப் பார்க்கவில்லை; தண்ணீரையே பார்த்தது. அலை இல்லாமல் சும்மா கிடக்கும் இடம் எது, எது என்றே தேடியது. சிவப்புச் சட்டை போட்ட எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் அடிவயிறு ஒரு தடவை பொங்கி அடங்கியது. யாராவது அவனைக் கண்டால்தான் எப்படிச் சொல்வார்கள்? கையில் எழுதிய நம்பர் அழிந்துவிட்டது. அப்பாவின் போன் இறந்துவிட்டது. என் போன் விடுதி அறையில் சார்ஜரில் தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி ஓடி வந்தேன். தூரத்தில் என் மாமியார் கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கையில் பழைய பொத்தான் போன்.

“கிடைத்துவிட்டான்! சங்குக் கடையில் இருக்கிறானாம்!”

சவாரிக் குதிரை ஒன்றின் பின்னாலேயே நடந்து போயிருக்கிறான் நம் சூரன். குதிரை வேறு பக்கம் போக, விழித்துக்கொண்டு நின்றிருக்கிறான். சங்கும் கிளிஞ்சல் மாலையும் விற்கும் அம்மாள் ஒருவர் அவனை அழைத்து உட்கார வைத்து, “உன் அப்பா நம்பர் தெரியுமா?” என்று கேட்டாராம். “பாட்டி பாட்டுத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு, ஒரு எண் பிசகாமல் நலங்கு மெட்டில் பாடினானாம்!

நாங்கள் போனபோது அவர் வாங்கிக் கொடுத்த மாங்காய்த் துண்டைத் தின்றுகொண்டிருந்தான். பணம் கொடுத்தேன், அந்த அம்மாள் வாங்கவில்லை. “பிள்ளை கிடைச்சதுக்கா காசு?” என்றார். ஒரு சங்கு வாங்கினோம். அதற்கு மட்டும் பேரம் பேசவில்லை.

மொத்தம் இருபது நிமிஷம். அந்த இருபதை எண்ணி முடிக்க எனக்கு இன்னும் பல நாள் ஆகும்.

போகப் போகிறவர்களுக்கு

நீங்களும் போய் வாருங்கள். பயமுறுத்த நான் எழுதவில்லை. ஆனால் சில விஷயங்களை முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில் பிள்ளையை “எல்லோரும் பார்த்துக்கொள்வோம்” என்பது யாருமே பார்க்காததற்குச் சமம். அரை மணிக்கு ஒருவர் என்று முறை வைத்து, “இனி உங்கள் பொறுப்பு” என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்படையுங்கள். கூட்டத்தில் தெரியும் நிறத்தில் சட்டை போடுங்கள். குளிக்கக் கூடாது என்று பலகை இருந்தால் முழங்காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூங்காவானாலும் பண்ணையானாலும் வார விடுமுறை எந்த நாள், உணவு, உடைக்கு என்ன சட்டம் என்று புறப்படுமுன் விசாரியுங்கள். முக்கியமாக, பிள்ளைக்கு ஒரு நம்பரையாவது மனப்பாடம் செய்து வையுங்கள். பேனா அழியும், பாட்டு அழியாது.

வீடு திரும்பிய இரவு மாமியார் என்னைக் கேட்டார்: “அவனுக்கு என் நம்பர் தெரியும். உனக்குத் தெரியுமோ?”

யோசித்தேன். போனில் “அத்தை” என்று அழுத்திப் பழக்கமே தவிர, எண் ஒன்றுகூட நினைவில்லை. அவர் நம்பரும் தெரியாது, என் கணவர் நம்பரும் தெரியாது.

மறுநாள் காலை அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டே பாடம் ஆரம்பமாயிற்று. மாமியார் ஒரு வரி பாட, நான் திருப்பிப் பாடினேன். நடுவில் ஓர் எண் தவறியது.

“அம்மா, அது ஏழு!” என்று கூடத்திலிருந்து திருத்தினான் ஐந்து வயது வாத்தியார்.