கிடங்குத் தரையைச் சூடாக்கலாமா? ஈரத்தை வெல்லும் எளிய வழிகள்

கடைக்குள் திருடன் கூரை வழியாகவும் வரலாம், கதவு வழியாகவும் வரலாம். ஆனால் ஆண்டு தவறாமல் வருகிற ஒரு திருடன் தரை வழியாகத்தான் வருகிறான். அவன் பெயர் ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடுக்கின் மேல் மூட்டைகள் நன்றாக இருக்கும். அடி மூட்டையைப் பிரித்தால் அரிசி கட்டி பிடித்திருக்கும். மக்கிய வாடை வீசும். வேர்க்கடலையில் பூஞ்சணம் படர்ந்திருக்கும்.

இது எவ்வளவு பெரிய நட்டம் என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 சதுர அடியில் 25 கிலோ அரிசிச் சிப்பங்களை அடுக்கினால் அடி வரிசையில் மட்டும் சுமார் 25 சிப்பங்கள் இருக்கும். ஒரு சிப்பம் ரூ.1,400 என்று வைத்துக்கொண்டால் தரையோடு ஒட்டிக் கிடக்கும் முதல் ரூ.35,000. மளிகை வியாபாரத்தில் கிடைக்கிற இலாப விகிதத்தில் இந்தப் பணத்தை மீண்டும் ஈட்ட எத்தனை சிப்பம் விற்க வேண்டும் என்பது நம் வணிகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மின்சூட்டுத் தரை என்பது என்ன?

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வந்தவர்கள், தரைக்கு அடியில் மின்கம்பி பதித்துச் சூடேற்றும் முறையைப் பார்த்திருப்பார்கள். நம் கிடங்குக்கும் அப்படிச் செய்தால் ஈரம் காய்ந்துவிடாதா என்ற எண்ணம் எழுவது இயற்கை.

அந்த முறை தரைக்குத் தரை மாறும். கல், டைல்ஸ் தரையில் சூடு எளிதில் மேலே வரும். ஆகவே பாய் போல் பின்னிய மெல்லிய கம்பியை டைல்ஸுக்கு அடியில் உள்ள பசையிலேயே பதித்துவிடுகிறார்கள். கான்கிரீட்டில் கம்பியை ஆழப் புதைப்பார்கள். அது மெதுவாகச் சூடேறி, மெதுவாக ஆறும். மரத்தரை அதிகச் சூடு பட்டால் சுருங்கி வெடிக்கும். ஆகையால் மேற்பரப்பு பொதுவாக 27 டிகிரி செல்சியஸைத் தாண்டாதபடி கட்டுப்படுத்துவார்கள். கனத்த கம்பளம் விரித்தால் சூடு மேலே வராது. பனி பெய்யும் ஊரில் இவையெல்லாம் தேவையான ஏற்பாடுகள். நம் ஊரிலோ கோடையில் மின்சாரம் இல்லாமலே தரை 27 டிகிரியைத் தாண்டிவிடுகிறது!

கிடங்குக்கு இது ஒத்துவராததற்கு நான்கு காரணங்கள் உண்டு.

1. செலவு. இத்தகைய கம்பிப் பாய்கள் சதுர மீட்டருக்கு 100 முதல் 150 வாட் வரை மின்சாரம் இழுக்கும். 20 அடிக்கு 10 அடி கிடங்கு சுமார் 18.6 சதுர மீட்டர். 150 வாட் வீதம் சுமார் 2.8 கிலோவாட். நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால் 28 யூனிட். மாதத்துக்கு 840 யூனிட். இதற்கு வணிக இணைப்பின் கட்டணத்தைக் கட்ட வேண்டும்.

2. மூட்டை அடுக்கு. சூட்டுத் தரையின் மேல் காற்றுப் புகாதபடி எதையும் அடுக்கக் கூடாது என்பது பொது விதி. மூட்டைகள் போர்வை போல் மூடிக்கொண்டால் அடியில் சூடு தேங்கிக் கம்பி கெடும், சரக்கும் கெடும்.

3. ஈரத்தின் ஊற்று மண்ணில் இருக்கிறது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, தரையில் உள்ள நுண்துளைகள் மண்ணின் நீரை மேலே இழுக்கின்றன. மேற்பரப்பைச் சூடாக்கினால் அந்த நீர் ஆவியாகிக் கிடங்குக் காற்றில் கலக்கும். அதை மேல் மூட்டைகள் குடிக்கும்.

4. வண்டு. அரிசி வண்டு செழித்து வளர்வது 30 டிகிரியை ஒட்டிய சூட்டில்தான். நாமே அதற்குச் சூடு காட்ட வேண்டுமா?

தரைக்கு அடியில் மின்சூடு உண்மையிலேயே தேவைப்படும் இடம் ஒன்று நம் வணிகத்திலும் உண்டு. ஐஸ்கிரீம், உறைந்த மீன், இறைச்சி ஆகியவற்றை மைனஸ் 18 டிகிரியில் வைக்கும் உறைகுளிர் அறைதான் அது. எவ்வளவு தடித்த காப்புத் தகடு போட்டாலும் நாளடைவில் குளிர் கீழே இறங்கும். மண்ணில் உள்ள நீர் உறைந்து, உப்பி, தரையை மேலே தூக்கிப் பிளந்துவிடும். இதைத் தடுக்கவே காப்புத் தகடுக்கு அடியில் குறைந்த வாட் கம்பி பதிக்கிறார்கள். தரைமட்டத்தில் அத்தகைய அறை கட்டுபவர்கள் இதற்கு என்ன ஏற்பாடு என்று ஒப்பந்தக்காரரிடம் கேட்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். காய்கறி வைக்கும் 2 முதல் 4 டிகிரி அறைக்கும், கால் வைத்த சாதாரண டீப் பிரீஸருக்கும் இது தேவையில்லை.

முதலில் ஒரு சோதனை

பணம் செலவழிக்கும் முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றரை அடிச் சதுரமாகக் கெட்டியான, நிறமற்ற பிளாஸ்டிக் தாளை வெட்டுங்கள். தரையைத் துடைத்துக் காயவிட்டு, தாளை விரித்து நான்கு ஓரங்களிலும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள்.

தாளுக்கு அடியில் நீர்த்துளியோ, தரையில் கறுத்த ஈரமோ இருந்தால் அது மண்ணிலிருந்து ஏறுகிற ஈரம். தாளின் மேற்புறம் நனைந்து, அடிப்புறம் உலர்ந்திருந்தால் அது காற்றின் ஈரம். குளிர்ந்த தரையில் ஈரக்காற்று படும்போது, குளிர்ந்த சோடாப் பாட்டில் வியர்ப்பது போலத் தரையும் வியர்க்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. கிடங்கின் நடுவில் ஒன்று, சுவர் ஓரத்தில் ஒன்று என இரண்டு இடங்களில் சோதிப்பது நல்லது. மழைக்காலத்தில் செய்தால்தான் உண்மை தெரியும்.

எந்தத் தரைக்கு என்ன வழி?

சிமெண்ட் தரை, ரெட் ஆக்சைடு தரை: பழைய கட்டடங்களில் மணலைக் கொட்டி, அதன் மேல் நேரடியாகத் தளம் போட்டிருப்பார்கள். மண் ஈரம் தடையின்றி ஏறும். மேலே பெயிண்டோ, எபாக்சியோ அடித்தால் ஈரம் அடியில் சிக்கிக் கொப்புளித்து உரிந்துவிடும், பணம் வீண். புதிதாகத் தளம் போடும் வாய்ப்பு வந்தால் முறையாகச் செய்யுங்கள். மண்ணைக் கெட்டித்து, தூசி இல்லாத பெருஞ்சல்லியை 4 முதல் 6 அங்குலம் பரப்ப வேண்டும். சல்லிக்கு இடையே பெரிய இடைவெளி இருப்பதால் நீர் திரியேற முடியாது. அதன் மேல் மணலை மெல்லியதாகத் தூவிச் சமன் செய்து, 250 மைக்ரான் பிளாஸ்டிக் தாளை ஓட்டையில்லாமல் விரித்து, இணைப்புகளை 6 அங்குலம் ஒன்றன் மேல் ஒன்றாக விட்டு, சுவர் ஓரத்தில் மடித்து ஏற்றி, பிறகு கான்கிரீட் போட வேண்டும். ஓர் அங்குலக் கான்கிரீட் உள்வரை உலர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும் என்பார்கள். ஆகவே புதுத் தளத்தில் அவசரப்பட்டு மூட்டை இறக்கக் கூடாது.

கடப்பாக் கல் தரை: கல் கெட்டியானது, ஈரம் பெரும்பாலும் இணைப்புகள் வழியாகத்தான் வரும். பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்த சிமெண்டால் இணைப்புகளை அடைத்தாலே பாதி குறையும். கல் குளிர்ச்சியானது என்பதால் விடியற்காலையில் வியர்க்கவும் செய்யும்.

மொசைக் தரை: பார்க்கப் பளபளப்பாக இருக்கும். வெள்ளைப் பொடியாக உப்புப் பூத்தால் அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. துடைத்தால் மீண்டும் பூக்கும். இங்கே மூட்டையைத் தரையில் வைக்கவே கூடாது.

விட்ரிஃபைடு டைல்ஸ்: டைல்ஸ் நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். அடியில் தடுக்கப்பட்ட ஈரம் இணைப்புகளையும் சுவர் ஓரத்தையும் தேடி வரும். மேற்பரப்பு வியர்ப்பதும் அதிகம். மழை நாளில் காலையிலேயே கிடங்குக் கதவை விரியத் திறந்து ஈரக்காற்றை உள்ளே விடாமல், வெயில் வந்து காற்று உலர்ந்த பிறகு திறந்து காற்றோட்டம் விடுங்கள்.

மாடியில் உள்ள கிடங்கு: மண் ஈரம் வராது. கூரை ஒழுக்கையும் தண்ணீர்க் குழாயையும் மட்டும் கவனித்தால் போதும்.

எல்லாத் தரைக்கும் பொதுவான காப்பு

தரை எதுவாயினும் முதல் காப்பு மரச்சட்டம்தான். தரையில் கெட்டியான பிளாஸ்டிக் தாள், அதன் மேல் 4 முதல் 6 அங்குல உயரச் சட்டம், அதன் மேல் மூட்டை என்ற வரிசை முக்கியம். தாளின் மேல் நேராக மூட்டையை வைத்தால் அடியில் வியர்த்து, காற்று ஓட வழியில்லாமல் சாக்கு நனையும். புதிய சட்டம் வாங்க முடியாதவர்கள் சவுக்குக் கட்டையில் பலகை அடித்துக்கொள்ளலாம். அரசுக் கிடங்குகளிலும் மரச்சட்டத்தின் மேல்தான் தானியம் அடுக்குகிறார்கள். உணவுப் பொருளைத் தரையை விட்டு உயர்த்தியும் சுவரை விட்டுத் தள்ளியும் வைக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் விதிகளிலும் உண்டு. சுவருக்கும் அடுக்குக்கும் இடையே ஓர் ஆள் நடக்க 2 அடி விடுங்கள்.

அரிசியின் ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டினால் இருப்பு வைப்பது ஆபத்து. உப்பு மூட்டையை அரிசி, பருப்பின் அருகே வைக்காதீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். நம் மழைக்காலம் அந்த அளவை எளிதில் தாண்டிவிடும். வெல்லமும் அப்படியே. பூஞ்சணம் பிடித்த வேர்க்கடலையைக் காயவைத்து விற்கலாம் என்று நினைக்க வேண்டாம். அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுப்பது. காயவைத்தாலும் வறுத்தாலும் முழுதும் போகாது.

முடிச்சூருக்கு ஒரு சொல்

அடையாற்றின் ஓரத்தில் இருக்கும் நமக்கு ஈரத்தோடு வெள்ளமும் உண்டு. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மிதந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் வந்தது. அந்த நாளில் 6 அங்குலச் சட்டம் உதவாது. 2015-இல் உங்கள் கிடங்கில் தண்ணீர் நின்ற மட்டத்தைச் சுவரில் கோடு போட்டு வையுங்கள். விலை உயர்ந்த முந்திரி, ஏலம், மிளகு ஆகியவற்றைப் புரட்டாசி முடிவதற்குள் அந்தக் கோட்டுக்கு மேலே பரணில் ஏற்றிவிடுங்கள். தீக்காப்பு பாலிசியில் புயல், வெள்ளச் சேதம் சேர்ந்திருக்கிறதா, கடை முகவரியோடு கிடங்கு முகவரியும் எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்றே எடுத்துப் படித்துப் பாருங்கள்.

தரையைச் சூடாக்கச் செலவழிக்க நினைக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதி போதும், சரக்கைத் தரையிலிருந்து தூக்கி வைக்க. இந்த வாரமே ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளில் தொடங்குங்கள். அடி மூட்டை பிழைத்தால் இலாபம் பிழைக்கும்.