சர்க்கரை ஆலையும் சூப்பர் கம்ப்யூட்டரும்!

செங்கல்பட்டைத் தாண்டி, பாலாற்றுப் பாலம் ஏறி இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் படாளம். மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இங்கேதான் இருக்கிறது. அரவை சீஸனில் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்க, காற்றே இனிப்பாக இருக்கும். அப்படி ஒரு சாயங்காலத்தில், ஆலைக்குப் பக்கத்துத் தெருவில், எம்.எஸ்சி. படிக்கும் தோழி ஒருத்தி லேப்டாப்பை முறைத்தபடி கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள்.

காரணம் காதல் இல்லை பாஸ், ப்ராஜெக்ட்! நெல்லின் ஜீன்களை வைத்து சீனியர் ஒருவர் செய்திருந்த ஆய்வை இவள் தொடர வேண்டும். “முதல்ல அந்த அண்ணன் போட்ட கிராஃபை அப்படியே எடுத்துக் காட்டும்மா, அப்புறம் மேல போகலாம்” என்று சொல்லிவிட்டார் கைடு. சீனியர் விட்டுப்போன ஃபோல்டரைத் திறந்தால் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘நிஜமாவே ஃபைனல்’ என்று மூன்று ஃபைல்கள். எதை எதற்குப் பிறகு ஓட்டினார் என்று ஒரு வரி கிடையாது. போன் போட்டால், “ரெண்டு வருஷம் ஆச்சேம்மா, எனக்கே ஞாபகம் இல்ல” என்கிறார். ரெண்டு மாசமாக முட்டிமோதியும் அதே விடை வரவில்லை.

ஆலையில் வேலை பார்க்கும் அவளுடைய சித்தப்பா டியூட்டி முடிந்து வந்தார். கதையைக் கேட்டுவிட்டு நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்.

“ஏம்மா, எங்க ஆலையில ஒரு ஷிஃப்ட் முடிச்சு அடுத்த ஆளு வந்தா, எத்தன மணிக்கு எவ்ளோ சுண்ணாம்பு சேர்த்தோம், எந்த பான்ல எது கொதிக்குதுன்னு எல்லாம் லாக் புக்குல இருக்கும். படிச்ச புள்ளைங்க நீங்க எழுதி வெக்க மாட்டீங்களா?”

அவ்வளவுதான் மேட்டர்! விஞ்ஞானிகள் இதற்கு ‘சயின்டிஃபிக் வொர்க்ஃப்ளோ’ என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள்.

கரும்பை எடை போட்டு, வெட்டி நசுக்கி, சாற்றில் சுண்ணாம்பும் கந்தகப் புகையும் சேர்த்துத் தெளியவைத்து, சுண்டக் காய்ச்சி, பாகாக்கி, சுழற்றிப் பிரித்தால் சர்க்கரை. ஒரு கட்டத்தில் வெளியே வருவதுதான் அடுத்த கட்டத்துக்கு உள்ளே போகிறது. கம்ப்யூட்டரில் செய்யும் ஆய்வும் இப்படித்தான். பச்சை டேட்டாவைச் சுத்தம் செய்ய ஒரு சாஃப்ட்வேர், ஒப்பிட ஒன்று, எண்ண ஒன்று, கிராஃப் போட ஒன்று. இந்தச் சங்கிலியைக் கையால் இழுக்காமல், எது முதலில், எது பிறகு, எந்த வெர்ஷன், என்ன செட்டிங் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், தானே ஓட்டிக்கொண்டு போவதுதான் வொர்க்ஃப்ளோ சிஸ்டம். நடுவில் ஒரு கட்டம் படுத்துவிட்டால் அங்கிருந்து மறுபடி தொடங்கும். என்ன நடந்தது என்று லாக் புக்கும் அதுவே எழுதும்.

‘இதுக்கு இவ்ளோ பில்டப்பா?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஒரு நிஜக் கதை கேளுங்கள்.

2006-ல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்திலிருந்து பரபரப்பான ஆய்வு ஒன்று வெளியானது. புற்றுநோய்க் கட்டியில் உள்ள ஜீன்களைப் பார்த்தே அந்த நோயாளிக்கு எந்த மருந்து கேட்கும் என்று சொல்லிவிடலாமாம். ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையைச் சேர்ந்த கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரண்டு புள்ளியியல்காரர்கள், ‘நம்ம நோயாளிகளுக்கும் உதவுமே’ என்று அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். விடை வரவே இல்லை! படிப்படியாக எழுதிவைத்த குறிப்பு எதுவும் இல்லாததால் போலீஸ் மாதிரி துப்பறிய வேண்டியதாயிற்று. ஜீன் பட்டியலில் எல்லாப் பெயர்களும் ஒரு வரி கீழே நகர்ந்திருந்தன. சில இடங்களில் ‘மருந்து கேட்கும்’, ‘கேட்காது’ என்ற லேபிள்களே தலைகீழாக மாறியிருந்தன. 2009-ல் இதை அவர்கள் கட்டுரையாக வெளியிட்டபோது, அந்த ஆய்வை நம்பி நிஜ நோயாளிகளைச் சேர்த்து மருந்துச் சோதனைகளே நடந்துகொண்டிருந்தன. 2010-ல் அவை நிறுத்தப்பட்டன. முக்கிய ஆராய்ச்சியாளர் டேட்டாவையே திரித்திருந்தார் என்று 2015-ல் அமெரிக்க அரசு அமைப்பு அறிவித்தது.

வொர்க்ஃப்ளோ இருந்தால் மட்டும் திருட்டுத்தனம் நடக்காதா? நடக்கலாம். ஆனால், ஒரு வரி நகர்ந்ததைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் வருஷக்கணக்கில் மெனக்கெட வேண்டியிருக்காது.

(எக்செல் பண்ணும் கூத்தும் தனிக்கதை. ‘மார்ச்1’, ‘செப்ட்2’ என்று சுருக்கப் பெயருள்ள ஜீன்களை அது தேதி என்று நினைத்து மாற்றிவிடும். எக்செல் மசியவில்லை. கடைசியில் 2020-ல் ஜீன்களின் பெயரைத்தான் மாற்றினார்கள்!)

சரி, செய்முறை கிடைத்தாயிற்று. ஆலை எங்கே? படாளத்தில் எட்டு வருஷப் பழைய லேப்டாப்பில் ஜீன் டேட்டாவை ஓட்டினால் ஃபேன்தான் அலறும். இங்கேதான் ‘சயின்ஸ் கேட்வே’ வருகிறது. எங்கேயோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு நம் பிரவுசரில் திறக்கும் வாசல். ரயில்வே டிக்கெட் எடுக்க சர்வர் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லையே, அந்த மாதிரி.

2005 வாக்கில் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆன்டன் நெக்ருடென்கோ, ஜேம்ஸ் டெய்லர் ஆகியோர் தொடங்கிய ‘கேலக்ஸி’ இதில் சூப்பர் ஹிட். அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியாவில் இதற்குப் பொது சர்வர்கள் இருக்கின்றன. கணக்கு தொடங்கக் காசு வேண்டாம், புரோகிராமிங் தெரிய வேண்டாம். நீங்கள் அமுக்கிய ஒவ்வொரு பட்டனும் வலது பக்கத்தில் ‘ஹிஸ்டரி’யாக ஏறிக்கொண்டே வரும். எல்லாம் முடிந்ததும் அந்த ஹிஸ்டரியையே வொர்க்ஃப்ளோவாக மாற்றி, லிங்க் போட்டு அடுத்தவருக்கு அனுப்பலாம். எலெக்ட்ரானிக்ஸ், ஃபிசிக்ஸ் பசங்களுக்கு பர்டியூ பல்கலைக்கழகம் 2002-ல் ஆரம்பித்த ‘நானோஹப்’ இருக்கிறது.

இப்படிப்பட்ட வாசல்களைக் கட்டுவதற்கே ஒரு ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் உண்டு. இண்டியானா பல்கலைக்கழகத்தில் பிறந்து, 2012-ல் அப்பாச்சி அமைப்பின் முழுநேர ப்ராஜெக்ட் ஆனது. பெயர் என்ன தெரியுமா? ‘ஐராவதா’! சாட்சாத் இந்திரனின் யானைதான். மாமல்லபுரம் பாறைச் சிற்பத்தில் குட்டிகளோடு நிற்கும் யானையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தப் பெயர் மறக்காது.

ப்ராஜெக்ட் மார்க்கோடு இந்த விஷயம் முடிந்துவிடுவதில்லை. படாளத்திலிருந்து கிழக்கே போனால் கல்பாக்கம், கடல். 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணி வாக்கில் சுமத்ரா அருகே கடலடியில் பூமி குலுங்கியது. இந்தக் கரையை அலை தொட்டபோது மணி ஒன்பதை நெருங்கியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அவகாசம் இருந்தும், கரையில் இருந்தவர்களுக்குச் சொல்ல ஏற்பாடு இல்லை. கல்பாக்கம் குடியிருப்பில் மட்டுமா, இந்தக் கரை நெடுக வீட்டுக்கு வீடு அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்ல ஒரு கதை இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் ஹைதராபாத்தில் ‘இன்காய்ஸ்’ எனப்படும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் தொடங்கப்பட்டது. அங்கே நடப்பதும் சங்கிலிதான். நில அதிர்வு நிலையங்களின் டேட்டா வந்து விழும். இடமும் வலிமையும் கணக்கிடப்படும். அலை எப்படிப் பரவும் என்று அந்த நேரத்தில் முதலிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் அலை முந்திக்கொள்ளும். அதனால், ‘இங்கே இவ்வளவு குலுங்கினால் அங்கே இத்தனை மணிக்கு இவ்வளவு உயரம்’ என்று ஏராளமான கற்பனை நிலநடுக்கங்களுக்கு முன்கூட்டியே ஓட்டிச் சேமித்திருக்கிறார்கள். பொருத்தமானதை எடுத்து எச்சரிக்கை தயாராகும். அப்புறம் கடலடி அழுத்தமானிகளும், கரையோர அலைமானிகளும் ‘ஆமாம்’ அல்லது ‘இல்லை’ என்று சொல்லும்.

2012 ஏப்ரல் 11 மதியம் 8.6 அளவில் சுமத்ரா குலுங்கி, சென்னையில் ஆபீஸ்களிலிருந்து ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தார்களே, நினைவிருக்கிறதா? அன்று எச்சரிக்கை வந்தது. பூமித்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் கடல் பெரிதாக எழும்பவில்லை. அதை மானிகள் காட்டியதும் எச்சரிக்கை விலக்கப்பட்டது. விலக்கியதும் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணிதான்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். வொர்க்ஃப்ளோவும் கெட்டுப்போகும்! மான்செஸ்டரிலிருந்து வந்த ‘டவெர்னா’ ஒரு காலத்தில் பிரபலம். அதில் எழுதிப் பகிரப்பட்டவற்றை 2012-ல் எடுத்து ஓட்டிப் பார்த்தபோது பெரும்பாலானவை ஓடவில்லை. அவை நம்பியிருந்த வெளி சர்வர்கள் பல காணாமல் போயிருந்தன. டவெர்னாவே இப்போது ஓய்வு பெற்றுவிட்டது. அதனால்தான் இப்போதெல்லாம் சாஃப்ட்வேரையும் அதன் வெர்ஷனோடு ‘கன்டெய்னர்’ என்ற டப்பாவில் அடைத்து வைக்கிறார்கள். ஊறுகாய் மாதிரி!

நம் படாளத்துத் தோழி என்ன ஆனாள்? கேலக்ஸியில் ஒவ்வொரு கட்டமாக அடுக்கி, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டினாள். பதினோராவது தடவை சீனியரின் கிராஃப் அச்சு அசலாக வந்து நின்றது. அவர் நெல் ஜீனோமின் பழைய வெர்ஷனோடு ஒப்பிட்டிருக்கிறார், இவள் புதியதோடு. அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு மாசம் போச்சு!

இப்போது அவளுடைய ஹிஸ்டரி லிங்க் இரண்டு ஜூனியர்களிடம் இருக்கிறது. சித்தப்பாவிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறாள். ஸ்க்ரோல் செய்து கடைசிவரை பார்த்தவர், “எல்லாம் சரிம்மா, கையெழுத்து எங்க?” என்றாராம்.