குர்பானித் தோலுக்கு முதல் மூன்று மணி நேரம்



பக்ரீத் அன்று நம் சத்துவாச்சாரி வீடுகளிலிருந்து அறக்கட்டளைக்கு வரும் தோல்களில், கை வைத்து இழுத்தால் முடி கழன்று வருகிற தோல்களும் இருக்கின்றன. பார்வைக்கு நல்ல தோல்தான். ஆனால் மண்டியில் அதை எடுக்க ஆள் இல்லை. குர்பானித் தோலை அறுத்தவருக்குக் கூலியாகக் கொடுக்கக் கூடாது. விற்றால் அந்தப் பணம் ஏழைகளுக்கே சேர வேண்டும் என்பது நாம் அறிந்ததே. தோல் விலை இறங்கிக் கிடக்கும் இந்தக் காலத்தில், வீணாகும் ஒவ்வொரு தோலும் ஏழைப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தில் விழும் குறை.

தோல் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது?

ஆடு அறுக்கப்பட்ட உடனே தோலிலுள்ள செல்கள் அனைத்தும் இறந்துவிடுவதில்லை. ஒவ்வொரு செல்லும் நீரும் புரதமும் நிறைந்த மிகச் சிறிய பை. அதைச் சுற்றியுள்ள நீரில் உப்பின் சோடியம் அதிகம். அது எந்நேரமும் உள்ளே கசிந்துகொண்டிருக்கும். செல்லின் சவ்விலுள்ள பம்புகள் அதை இறைத்து வெளியேற்றிக்கொண்டே இருக்கும். கிணற்று மோட்டாருக்கு மின்சாரம் போல, இந்தப் பம்புக்கும் சக்தி வேண்டும். அந்தச் சக்திக்கு ரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜன் வேண்டும்.

ரத்த ஓட்டம் நின்றதும் பம்பு ஓய்கிறது. சோடியம் உள்ளே சேர, அதன் பின்னாலேயே நீரும் போகிறது. செல் வீங்குகிறது, பிறகு சவ்வு கிழிகிறது, உள்ளே அதனதன் இடத்தில் இருந்த புரதங்கள் வெளியே கசிகின்றன. மாரடைப்பில் நம் இதயத் தசைக்கு நேர்வதும் இதுதான். நெஞ்சுவலியோடு வருபவருக்கு எடுக்கும் டிரோபோனின் பரிசோதனை, சேதமடைந்த இதயச் செல்லிலிருந்து ரத்தத்தில் கசிந்த புரதத்தைத்தான் தேடுகிறது.

செல்லுக்குள் செரிமானப் புரதங்களை அடைத்து வைத்திருக்கும் சிறு பைகளும் உண்டு. பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ் 1955இல் இவற்றுக்கு லைசோசோம் என்று பெயரிட்டார். 1974இல் நோபல் பரிசு பெற்றார். உயிரோடு இருக்கும்வரை இவை கட்டுக்குள் இருக்கும். பை கிழிந்தால், அந்தச் செல்லையே கரைக்கத் தொடங்கும். கசிந்த புரதம் பாக்டீரியாவுக்கும் நல்ல தீனி. முடி வேரைச் சுற்றியுள்ள செல்கள் மென்மையானவை. அவை முதலில் கரைவதால்தான் முடி கழல்கிறது.

உப்பு என்ன செய்கிறது?

பச்சைத் தோலின் எடையில் நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் நீர்; 30 பங்கு அளவில் புரதம். அதில் முக்கியமானது கொலாஜன் என்னும் நார்ப் புரதம். பதனிட்ட பின் தோலாக நிற்பது அதுதான். எலுமிச்சையில் உப்பைக் கொட்டினால் சாறு வெளியே வருவதைப் பார்த்திருக்கிறோம். தோலிலும் அப்படியே: வெளியே உப்பு மிகுந்ததும் நீர் வெளியேறுகிறது, செல்கள் சுருங்குகின்றன. நீர் குறைந்தால் செரிமானப் புரதமும் வேலை செய்யாது, பாக்டீரியாவும் பெருகாது. ஆனால் ஏற்கெனவே கரைந்ததை உப்பு மீட்டுத் தராது. ஆகவே நேரம்தான் முக்கியம். சில ஆண்டுகளாகப் பக்ரீத் கோடையில் வருகிறது. 2025இல் ஜூன் 7 அன்று வந்தது. வேலூர் வெயிலில் கெடுதல் இன்னும் வேகம் பிடிக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியவை:

1. உரித்ததும் ரத்தம், கொழுப்பு, ஒட்டிய சதையை நீக்குங்கள். கத்தி தோலில் படாமல் பாருங்கள்.

2. பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். சூடு உள்ளேயே நிற்கும். நிழலில், சதைப் பக்கம் மேலே இருக்கும்படி விரியுங்கள்.

3. மூன்று மணி நேரத்துக்குள் உப்பிடுங்கள். தோல் எடையில் 40 முதல் 50 சதவீதம் உப்பு வழக்கம். 2 கிலோ தோலுக்கு 800 கிராம் முதல் 1 கிலோ வரை. ஓரம், கழுத்து, கால் பகுதிகளை விட்டுவிடாதீர்கள்.

4. பழைய உப்பு வேண்டாம். உப்பைத் தாங்கும் கிருமிகள் அதில் இருக்கும்.

அளவுக்கு மேலும் உப்பு வேண்டாம். தொழிற்சாலையில் முதல் வேலை அந்த உப்பைக் கழுவி நீக்குவதுதான். அந்த உப்புநீர் நம் பாலாற்றுப் படுகையை என்ன செய்தது என்பதை நாம் கண்டிருக்கிறோம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக அந்தத் தீர்ப்பே ஓர் ஆய்வை எடுத்துக் காட்டியது. குறைந்த உப்பில் தோலைக் காக்கும் முறைகளைச் சென்னை அடையாற்றில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்துவருகிறது. நம்மால் ஆனது, சரியான அளவைச் சரியான நேரத்தில் இடுவது.

குர்பானித் தோல் நம் கையில் ஏழைகளின் அமானத். உப்பிட வசதி இல்லாதவர்கள், உரித்தவுடன் நம் அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ், உப்போடு பிள்ளைகள் வருவார்கள். மாலைவரை காத்திருக்க வேண்டாம்.