ஹூஸ்டனில் இரண்டு நாள்

உங்கள் வீடு டாலஸில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து பாட்டி வந்திருக்கிறார். இன்னும் மூன்று வாரத்தில் பாட்டி ஊருக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் எல்லோரும் சேர்ந்து ஹூஸ்டனைப் பார்க்க வேண்டும். யாரும் இதுவரை அங்கே போனதில்லை. அப்பாவுக்கு லீவு இல்லை. ஆகவே ஒரு சனி, ஒரு ஞாயிறு. இரண்டே நாள்தான்!

திட்டம் போடும் வேலையை உங்களிடம் கொடுத்துவிட்டார்கள். எப்படிச் செய்வீர்கள்?

1. முதலில் எல்லோரையும் கேளுங்கள்

ஆளுக்கு ஓர் ஆசை இருக்கும். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள்: "எனக்கு ராக்கெட் பாக்கணும்."

தம்பி: "நான் ரயில்ல போகணும்!"

அம்மா: "ஹில்கிராஃப்ட்ல நம்ம ஊர்க் கடைங்க வரிசையா இருக்காம். அங்க போலாமா?"

அப்பா: "எங்க போனாலும் சரி. ஆனா ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடணும். மறுநாள் ஸ்கூல் இருக்கு."

பாட்டி: "எனக்கு என்ன கண்ணு, நீங்க எங்க கூட்டிட்டுப் போனாலும் வரேன்."

பெரியவர்கள் பல நேரம் இப்படித்தான் சொல்வார்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு முறை கேளுங்கள்.

"அங்க ஒரு மீனாட்சி கோயில் இருக்குன்னு உங்க தாத்தா சொல்லுவாரு. அதைப் பாக்க முடியுமா? ஆனா ரொம்ப தூரம் நடக்க முடியாதுப்பா. முட்டி வலிக்குது."

பார்த்தீர்களா? இரண்டாவது முறை கேட்டதால் இரண்டு முக்கியமான செய்திகள் கிடைத்தன.

2. வரைபடத்தைப் பாருங்கள்

மக்கள் தொகையில் அமெரிக்காவின் நான்காவது பெரிய நகரம் ஹூஸ்டன். டாலஸிலிருந்து சுமார் 240 மைல். காரில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். ஊருக்குள்ளும் ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் தூரம் அதிகம். அதனால் எந்த இடம் எந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள்.

நகரின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் ஹெர்மன் பூங்கா இருக்கிறது. அங்கே குழந்தைகள் போகும் சின்ன ரயில் ஓடுகிறது. 2004-ஆம் ஆண்டு வைத்த காந்தி சிலையும் அங்கே இருக்கிறது.

தென்மேற்கில் ஹில்கிராஃப்ட் சாலை.

தெற்கே, பேர்லாண்ட் என்ற ஊரில் மீனாட்சி கோயில்.

தென்கிழக்கில் ஸ்பேஸ் சென்டர். நாசாவின் ஜான்சன் விண்வெளி மையம் அதன் பக்கத்திலேயே இருக்கிறது.

3. போகும் இடத்தைப் பற்றிப் படியுங்கள்

ஹில்கிராஃப்ட் சாலையில் பெயர்ப் பலகைகளைக் கவனியுங்கள். 'மகாத்மா காந்தி மாவட்டம்' என்று அங்கே ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பாட்டி கட்டாயம் கேட்பார்: "மாவட்டமா? அப்போ கலெக்டர் ஆபீஸ் எங்க?"

தமிழ்நாட்டில் மாவட்டம் என்றால் பல ஊர்கள் சேர்ந்த பெரிய பகுதி. அதற்கு ஒரு கலெக்டர் இருப்பார். இங்கே அப்படி இல்லை. இது சில தெருக்கள் சேர்ந்த ஒரு கடைப்பகுதி. மளிகைக் கடை, புடவைக் கடை, நகைக் கடை, இனிப்புக் கடை எல்லாம் இருக்கும். இந்தியக் கடைகளோடு பாகிஸ்தானியர் கடைகளும் இருக்கும்.

இந்தப் பெயர் வந்த கதை தெரியுமா? ஹில்கிராஃப்ட் சாலைக்கே காந்தியின் பெயரை வைக்க வேண்டும் என்று இந்தியக் கடைக்காரர்கள் பலர் விரும்பினார்கள். அதே சாலையில் கடை வைத்திருந்த வேறு சிலர், "சாலைப் பேரு மாறினா எங்க முகவரியெல்லாம் மாத்தணுமே!" என்று கவலைப்பட்டார்கள். கடைசியில் சாலையின் பெயரை மாற்றவில்லை. அந்தப் பகுதிக்கு மட்டும் 2010-ஆம் ஆண்டு காந்தியின் பெயரை வைத்தார்கள். இரண்டு பக்கமும் ஏற்றுக்கொண்டது.

ஸ்பேஸ் சென்டரில் சாட்டர்ன் 5 என்ற ராக்கெட்டைப் பார்க்கலாம். மனிதர்களை நிலவுக்கு அனுப்பியது இந்த வகை ராக்கெட்தான். உலகில் இப்போது மூன்றுதான் மிச்சம் இருக்கின்றன. நீளம் 363 அடி! மதுரைக் கோயிலின் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி. இரண்டு கோபுரத்தை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாலும் ராக்கெட்தான் பெரியது. இதைப் பாட்டியிடம் சொல்லுங்கள். அவருக்கும் ராக்கெட்டைப் பார்க்க ஆசை வரும்.

4. இப்போது நேரத்தைப் பிரியுங்கள்

ஒரு நாளில் இரண்டு அல்லது மூன்று இடம் போதும்.

சனிக்கிழமை
காலை 6:30 – டாலஸிலிருந்து புறப்படுதல்
காலை 11:00 – ஹெர்மன் பூங்கா, சின்ன ரயில்
மதியம் 1:00 – ஹில்கிராஃப்டில் சாப்பாடு, கடைகள்
மதியம் 3:30 – விடுதியில் ஓய்வு
மாலை 6:00 – மீனாட்சி கோயில்

ஞாயிற்றுக்கிழமை
காலை 10:00 – ஸ்பேஸ் சென்டர்
மதியம் 3:00 – வீட்டுக்குப் புறப்படுதல்

கோயிலை ஏன் சனிக்கிழமை வைத்தோம்? ஞாயிறு மாலை வைத்திருக்கலாமே? யோசியுங்கள். பயணத்தில் ஏதாவது தாமதம் ஆனால், கடைசியில் இருக்கும் இடத்தைத்தான் விட்டுவிடுவோம். நீங்கள் ஹூஸ்டனுக்கு இன்னொரு முறை போகலாம். பாட்டி மறுபடி எப்போது அமெரிக்காவுக்கு வருவார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பாட்டியின் இடம் கடைசியில் இருக்கக் கூடாது.

5. புறப்படும் முன்

கோயிலும் ஸ்பேஸ் சென்டரும் எத்தனை மணிக்குத் திறக்கும், எப்போது மூடும் என்று பாருங்கள். நுழைவுச் சீட்டை முன்பே வாங்கச் சொல்லுங்கள். பாட்டிக்குச் சக்கர நாற்காலி கிடைக்குமா என்று கேளுங்கள். பாட்டியின் மாத்திரைப் பை, தண்ணீர், குடை எல்லாம் எடுத்து வையுங்கள். கோடையில் ஹூஸ்டனில் வெயிலும் புழுக்கமும் மிக அதிகம். திடீரென்று மழையும் வரும்.

திட்டத்தைப் பார்த்த அப்பா கேட்கிறார்: "கால்வெஸ்டன் கடற்கரை ஐம்பது மைல்தானே? அதையும் பாத்துட்டு வந்துடலாமா?"

நீங்கள் என்ன சொல்வீர்கள்?

"வேணாம்ப்பா. வீட்டுக்கு ஒன்பது மணிக்குள்ள வரணும்னு நீங்கதானே சொன்னீங்க!"

புதிய சொற்கள்

வரைபடம் – இடங்களையும் திசைகளையும் காட்டும் படம்
மக்கள் தொகை – ஓர் ஊரில் வாழும் மக்களின் எண்ணிக்கை
தாமதம் – நேரம் கடந்து போவது
புழுக்கம் – காற்று இல்லாமல் வியர்க்கும் சூடு

பதில் சொல்லுங்கள்

1. பாட்டியை இரண்டாவது முறை கேட்டதால் என்ன தெரிந்தது?
2. ஹில்கிராஃப்ட் சாலையின் பெயரை ஏன் மாற்றவில்லை?
3. தமிழ்நாட்டு மாவட்டத்துக்கும் மகாத்மா காந்தி மாவட்டத்துக்கும் என்ன வேறுபாடு?
4. உங்கள் வீட்டில் ஒவ்வொருவரையும் கேட்டு, நீங்கள் பார்க்காத ஒரு நகரத்துக்கு இரண்டு நாள் திட்டம் எழுதுங்கள். எந்த இடத்தை விட்டுவிட்டீர்கள்? ஏன்?