ஆயிரத்தோடு நின்றுபோன பட்டியல்

நாலாயிரம் பேர் வேலை பார்க்கும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். ‘நம்மிடம் மொத்தம் எத்தனை பயனர் கணக்குகள் இருக்கின்றன?’ என்று அங்குள்ள ஏஐ ஏஜென்டிடம் மேலாளர் கேட்கிறார். ‘ஆயிரம்’ என்று தயங்காமல் பதில் வருகிறது. ஏஜென்ட் கதை விடவில்லை. மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி வழக்கமாக ஒரு தேடலுக்கு 1000 பதிவுகளுக்கு மேல் தராது. மிச்சத்தைப் பக்கம் பக்கமாகக் கேட்டு வாங்க வேண்டும். ஏஜென்டின் கையில் கொடுத்த டூல் முதல் பக்கத்தோடு நின்றுவிடும் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

காலையில் அலுவலகக் கணினியில் பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைகிறோம். பிரிண்டர் வேலை செய்கிறது, நம் துறையின் ஃபோல்டர் திறக்கிறது, சம்பளக் கணக்கு ஃபோல்டர் மட்டும் திறக்க மறுக்கிறது. யார் யாருக்கு எது என்பதை முடிவு செய்யும் பதிவேடுதான் டைரக்டரி சர்வீஸ். அதோடு பேசுவதற்கான எல்டாப் நெறிமுறை 1993-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவானது. அப்படியொரு டைரக்டரி சர்வீஸான ஆக்டிவ் டைரக்டரி விண்டோஸ் 2000 சர்வரோடு வந்தது. இத்தனை ஆண்டுகளாக அட்மின்கள் கையாண்டுவந்த இந்தப் பதிவேட்டை இப்போது ஏஐ ஏஜென்டுகளும் தொடத் தொடங்கியிருக்கின்றன. ஏஜென்டுகளை இப்படி வெளி மென்பொருள்களோடு இணைப்பதற்கான எம்சிபி என்ற பொது நெறிமுறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது.

பொதுவாக டூலுக்குள் இருக்கும் நிரல் ஏஜென்டின் கண்ணில் படுவதில்லை. டூலின் பெயர், சில வரி விளக்கம், என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல் ஆகியவற்றை வைத்தே எதை எப்போது அழைப்பது என்று அது முடிவெடுக்கிறது. அட்மின் பல வருட அனுபவத்தில் தெரிந்துவைத்திருப்பதெல்லாம் அந்தச் சில வரிகளுக்குள் வந்தாக வேண்டும்.

ஊழியர் ஒருவர் ராஜினாமா செய்கிறார். ‘அவர் கணக்கை எடுத்துவிடுங்கள்’ என்று மனிதவளத் துறையிலிருந்து மெயில் வருகிறது. அனுபவமுள்ள அட்மின் கணக்கை முடக்குவாரே தவிர உடனே நீக்க மாட்டார். ஆக்டிவ் டைரக்டரி ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பாதுகாப்பு அடையாள எண் தருகிறது. அனுமதிகள் எல்லாம் அந்த எண்ணோடுதான் ஒட்டியிருக்கின்றன, பெயரோடு அல்ல. நீக்கிவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கினால் எண் மாறிவிடும். அதே பெயரில் வேறு கணக்கு திறந்தவருக்குப் பழைய கணக்கின் பணத்தை பேங்க் தருமா? விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-இல் ரீசைக்கிள் பின் வசதி வந்தது. அதை முன்கூட்டியே இயக்கிவைத்திருந்தால், நீக்கிய கணக்கை வழக்கமாக 180 நாளுக்குள் மீட்கலாம்.

கணக்கை நீக்கும் டூலுக்கு ‘பயனரை அகற்றும்’ என்று இரண்டே சொல்லில் விளக்கம் எழுதுவது ஆபத்து. இப்படி எழுதலாம்: ‘பயனர் கணக்கை நீக்கும். ஊழியர் வேலையை விட்டு நின்றதற்காக இதை அழைக்காதே; அதற்குக் கணக்கை முடக்கும் டூல் இருக்கிறது. அதே பெயரில் மீண்டும் உருவாக்கினாலும் பழைய அனுமதிகள் வராது. அட்மினின் ஒப்புதல் கிடைத்த பிறகே அழை.’ எப்போது பயன்படுத்தக் கூடாது, அதற்குப் பதிலாக எதை எடுக்க வேண்டும் என்ற இரண்டும் இதில் இருக்கின்றன.

‘கடைசி லாகின் நேரம்’ இன்னொரு கண்ணி. ஆக்டிவ் டைரக்டரியில் அது இரண்டு இடங்களில் பதிவாகிறது. ஒன்று துல்லியமானது, ஆனால் லாகினைச் சரிபார்த்த டொமைன் கன்ட்ரோலர் என்ற சர்வரோடு நின்றுவிடும். மற்றது எல்லா சர்வர்களுக்கும் பரவும், ஆனால் 14 நாள் வரை பின்தங்கியிருக்கலாம். போதாக்குறைக்கு, இரண்டுமே 1601 ஜனவரி 1 முதல் நொடியின் கோடியில் ஒரு பங்காக எண்ணிய நீண்ட எண்கள். டூல் எந்தப் பதிவைத் தருகிறது என்று சொல்லி, எண்ணைத் தேதியாக மாற்றியும் கொடுத்தால்தான், நேற்று வரை வேலை பார்த்தவரை ஏஜென்ட் ‘செயலற்றவர்’ பட்டியலில் சேர்க்காமல் இருக்கும்.

டூல் கேட்கும் விவரத்திலும் தெளிவு வேண்டும். ‘பயனர் பெயர்’ என்று மட்டும் போட்டால், 20 எழுத்துக்குள் அடங்கும் பழைய லாகின் பெயரா, மெயில் முகவரி போன்ற பெயரா, முழு டைரக்டரி முகவரியா? நிரல் எழுதும் ஏஜென்டை உருவாக்கியபோது ஆந்த்ரோபிக்கும் இதே வகைச் சிக்கலைச் சந்தித்தது. கோப்பின் பாதையைச் சுருக்கமாகக் கொடுத்து ஏஜென்ட் தடுமாறியது. முழுப் பாதையைத்தான் தர வேண்டும் என்று டூலை மாற்றியதும் பிழை நின்றது.

அதற்காகப் பக்கம் பக்கமாக எழுதினாலும் சரிவராது. ஒவ்வொரு விளக்கமும் ஏஜென்டின் கவனத்தில் இடம் பிடிக்கும். ஐம்பது டூல்கள் நீட்டி முழக்கினால் தேவையானது கண்ணில் படாமல் போகும். விளக்கம் பூட்டும் அல்ல. ஏஜென்ட் தவறாகப் படிக்கலாம், யாராவது அதை ஏமாற்றவும் செய்யலாம். எனவே ஏஜென்ட் பயன்படுத்தும் கணக்குக்கே டைரக்டரியில் அதிகாரத்தைக் குறைத்துவைக்க வேண்டும்: குறிப்பிட்ட ஒரு துறையினரின் பாஸ்வேர்டை மாற்ற மட்டும் அனுமதி, நீக்கும் உரிமை அறவே கிடையாது. ஆக்டிவ் டைரக்டரியில் இப்படிப் பிரித்துக் கொடுக்கும் வசதி ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது.