கரும்பு வெட்டப்போவது யார்? ஹைத்தியை விடுவித்தவர்களின் கதை

கரிபியக் கடலிலுள்ள ஹிஸ்பனியோலா தீவின் மேற்கு மூன்றிலொரு பங்கு 1697இல் ஸ்பெயினிடமிருந்து பிரான்சுக்குக் கைமாறியது. சான் டொமிங் என்று பெயர் பெற்ற அந்தக் குடியேற்றம் அடுத்த நூறாண்டுகளுக்குள் உலகிலேயே அதிக லாபம் தரும் குடியேற்றமாக வளர்ந்தது. 1780களில் ஐரோப்பா வாங்கிய சர்க்கரையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கும், காப்பியில் பாதிக்கு மேலும் அங்கிருந்தே போயின. அத்தனையும் அடிமைகளின் உழைப்பு. 1789 வாக்கில் அங்கே வெள்ளையர் 40,000க்கு மேல் இல்லை. விடுதலை பெற்ற கறுப்பரும் கலப்பினத்தாரும் சுமார் 28,000 பேர். அடிமைகளோ ஐந்து லட்சத்தை நெருங்கிவிட்டார்கள்.

அடிமைகளில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். கரும்புத் தோட்டத்தில் பிறப்பைவிடச் சாவு அதிகம் என்பதால், குறைந்த ஆட்களை ஆண்டுதோறும் கப்பலில் கொண்டுவந்து நிரப்பினார்கள். (ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்க விலையாகக் கொடுத்த சரக்குகளில் இந்தியத் துணிக்கு முக்கிய இடம் உண்டு, புதுச்சேரி வழியாகப் போன துணியும் அதில் சேரும்.) அறுவடைக் காலத்தில் ஆலை இரவு பகல் ஓடும். தூக்கக் கலக்கத்தில் கரும்போடு கையையும் உருளைக்குள் கொடுத்துவிடுபவர்கள் உண்டு. உருளையை உடனே நிறுத்த வழி இல்லை. அதனால் கையை வெட்டி ஆளைக் காப்பாற்ற ஒரு கோடரியைப் பக்கத்திலேயே வைத்திருப்பது கரிபிய ஆலைகளில் வழக்கம்.

பிரெஞ்சுப் புரட்சி வெடித்தபோது அங்கே முதலில் உரிமை கேட்டவர்கள் அடிமைகள் அல்லர். கலப்பினத்தாரில் பலர் தோட்ட முதலாளிகள், அடிமைகளை வைத்திருந்தவர்கள். அவர்களில் அவுரித் தோட்டம் வைத்திருந்த ஜூலியன் ரெமோன் பாரிஸில் மனுப் போட்டுக்கொண்டிருந்தார். வின்சென்ட் ஓஷே 1790 அக்டோபரில் ஊர் திரும்பி, சில நூறு பேருடன் ஆயுதம் ஏந்தினார். அவர் கேட்டது சொத்துள்ள கலப்பினத்தாருக்கு வெள்ளையருக்கு நிகரான உரிமை, அவ்வளவுதான். 1791 பிப்ரவரியில் லெ காப் நகரில் அவரைச் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொன்றார்கள். சொத்துள்ளவனுக்கே அதுதான் கதி என்பதை அடிமைகளும் பார்த்தார்கள்.

1791 ஆகஸ்ட் 14 அன்று வடக்குச் சமவெளித் தோட்டங்களின் பிரதிநிதிகள் ரகசியமாகக் கூடினார்கள். வந்தவர்களில் பலர் கங்காணிகளும் வண்டியோட்டிகளும். கங்காணிக்கு ஆட்களைத் தெரியும். வண்டியோட்டிக்குத் தோட்டம் விட்டுத் தோட்டம் போகும் வழி தெரியும், முதலாளிமார் வண்டிக்குள் பேசும் பேச்சும் காதில் விழும். எழுச்சிக்கு முதல் தலைவரான பூக்மன் வண்டியோட்டியாக இருந்தவர் என்கிறார்கள். புவா கைமான் என்ற காட்டில் நடந்த சடங்கில் அவரும் செசீல் ஃபாத்திமான் என்ற பூசாரிப் பெண்ணும் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியதாக ஹைத்தி மக்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். ஆகஸ்ட் 22 இரவு தொடங்கிய தீ சில நாட்களில் சமவெளி முழுவதும் பரவியது. கரும்புக் காடும் ஆலையும் கொப்பரையும் எரிந்தன. நவம்பரில் பூக்மன் போரில் மாண்டார். அவருடைய தலையை லெ காப் நகரில் காட்சிக்கு வைத்தார்கள். ஜான் ஃபிரான்சுவாவும் பியாசூவும் படையைத் தொடர்ந்து நடத்தினார்கள்.

பியாசூவின் முகாமில் ஐம்பது வயதை நெருங்கிய, மெலிந்த, குள்ளமான ஒருவர் இருந்தார். பெயர் தூசான். பிரெடா தோட்டத்தில் அடிமையாகப் பிறந்தவர், குதிரை வைத்தியம், பச்சிலை மருந்து இரண்டும் கைவந்தவர், அவரும் வண்டியோட்டிதான். எழுதப் படிக்கத் தெரியும், ஆனால் பிரெஞ்சு எழுத்துக்கூட்டல் கடைசி வரை சரியாக வரவில்லை. எழுச்சி தொடங்குவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே விடுதலை பெற்றுவிட்ட அவர், ஒரு சிறு காப்பித் தோட்டத்தை அடிமைகளோடு சேர்த்துக் குத்தகைக்கு எடுத்து நடத்தியும் பார்த்திருக்கிறார். இந்தச் செய்தி ஆவணங்களிலிருந்து வெளிவர நெடுங்காலம் ஆனது. அவர் பின்னாளில் செய்த பலவற்றைப் புரிந்துகொள்ள இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

1793இல் பிரான்சுடன் ஸ்பெயினும் பிரிட்டனும் போரில் இறங்கின. எழுச்சித் தலைவர்களை ஸ்பெயின் தன் படையில் சேர்த்துக்கொண்டது, தூசானும் போனார். பிரெஞ்சு ஆணையர் சோந்தோனாக்ஸின் கையில் படைபலம் இல்லை. லெ காப் நகரமே பாதி எரிந்து கிடந்தது. 1793 ஆகஸ்ட் 29 அன்று வடக்கு மாகாணத்தின் அடிமைகள் அனைவரையும் அவர் விடுவித்தார். அடிமைமுறையை வெறுத்தவர்தான் அவர். என்றாலும் வேறு வழியில்லாமல் எடுத்த முடிவு அது என்பதையும் மறைப்பதற்கில்லை. சான் டொமிங் சார்பில் பாரிஸ் போன பிரதிநிதிகளில் ஒருவரான ஜான் பத்தீஸ்த் பெலே மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சிறுவயதில் அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர். அவர் கண்முன்னேதான் பிரெஞ்சு மன்றம் 1794 பிப்ரவரி 4 அன்று தன் குடியேற்றங்கள் எல்லாவற்றிலும் அடிமைமுறையை ஒழித்துத் தீர்மானம் போட்டது.

சில மாதங்களில் தூசான் ஸ்பெயினைக் கைவிட்டுப் பிரெஞ்சுப் பக்கம் வந்தார். அதற்குள் அவர் பெயருடன் லூவெர்த்தூர் என்ற பெயரும் சேர்ந்திருந்தது. மஞ்சள் காய்ச்சலில் ஆயிரக்கணக்கில் ஆட்களைப் பறிகொடுத்த பிரிட்டிஷ் படையை 1798இல் பேசியே வெளியேற்றினார். தெற்கில் கலப்பினத் தளபதி ரிகோவை 1800இல் முறியடித்தார். 1801 தொடக்கத்தில் தீவின் ஸ்பானியப் பகுதியும் அவர் கைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஓர் அரசியல் சட்டம் எழுதித் தம்மை வாழ்நாள் ஆளுநராக அறிவித்துக்கொண்டார். பெயரளவில் அது இன்னும் பிரெஞ்சு மண்.

இந்த ஆட்சியின் சிக்கல் நிலத்தில்தான் இருந்தது. படைக்குத் துப்பாக்கியும் வெடிமருந்தும் வேண்டும். அவற்றை வாங்கச் சர்க்கரையும் காப்பியும் கப்பலேற வேண்டும். விடுதலை பெற்ற மக்களோ கரும்பைத் திரும்பிப் பார்க்கவும் விரும்பவில்லை. சொந்தமாக ஒரு துண்டு நிலத்தில் கிழங்கும் வாழையும் போட்டுப் பிழைக்கவே ஆசைப்பட்டார்கள். 1800 அக்டோபரில் வந்த ஆணை அவர்களைப் பழைய தோட்டங்களிலேயே கட்டிப்போட்டது. விளைச்சலில் கால் பங்கு கூலி உண்டு, அனுமதி இல்லாமல் தோட்டத்தை விட்டு நகரக் கூடாது, மேற்பார்வை பட்டாளத்துடையது. ஓடிப்போன வெள்ளை முதலாளிகளைத் தூசான் திரும்பவும் அழைத்தார். 1801 அக்டோபரில் வடக்கில் தொழிலாளர்கள் கிளர்ந்தபோது, அவர்களுக்கு ஆதரவானவர் என்று தம் வளர்ப்பு மருமகனும் தளபதியுமான மொய்ஸைச் சுட்டுக் கொல்லச் செய்தார். தூசான் செய்த தவறுகளில் இதுதான் மிகப் பெரியது. மறு ஆண்டு பிரெஞ்சுப் படை வந்திறங்கியபோது மக்களில் பலர் அவர் பின்னால் உடனே திரளவில்லை.

அந்தப் படையை அனுப்பியவர் நெப்போலியன். அவருடைய தங்கை கணவர் லெக்லேர் தலைமையில் சுமார் 20,000 வீரர்கள் 1802 பிப்ரவரியில் கரையிறங்கினார்கள். லெ காப் நகரைக் காத்த ஆன்ரி கிறிஸ்தோப், நகரை ஒப்படைக்க மறுத்துத் தீ வைத்தார். முதலில் கொளுத்தியது தம் சொந்த வீட்டை. தூசானின் பிள்ளைகள் இசாக்கும் பிளாசீதும் பாரிஸில் படித்துவந்தார்கள். லெக்லேர் அவர்களைக் கப்பலில் கூட்டிவந்து, நெப்போலியனின் கடிதத்துடன் தந்தையிடமே அனுப்பினார். பணிந்தால் பிள்ளைகள் உமக்கு என்பதே அதன் சாரம். தூசான் இணங்கவில்லை, பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே விட்டார். சொந்த மகன் இசாக், பிரான்சை எதிர்க்க மாட்டேன் என்றான். மனைவிக்கு வேறொருவர் மூலம் பிறந்த பிள்ளையான பிளாசீது தூசானுடன் நின்றான்.

மார்ச்சில் கிரெத் அ பியரோ கோட்டையில் தூசானின் தளபதி தெசலினின் வீரர்கள் பிரெஞ்சுப் படைக்குப் பெருஞ்சேதம் விளைவித்துவிட்டு, முற்றுகையைப் பிளந்து வெளியேறினார்கள். ஆனால் ஏப்ரலில் கிறிஸ்தோப் சரணடைந்தார். மே மாதம் தூசானும் ஆயுதத்தைக் கீழே வைத்தார். ஜூன் 7 அன்று பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்து, அவரைப் பிடித்துக் கப்பலேற்றினார்கள். ஜூரா மலையிலுள்ள ஜூ கோட்டைச் சிறையில், தம்மை விசாரிக்கவாவது வேண்டும் என்று கேட்டு நெப்போலியனுக்கு எழுதினார். பதில் வரவில்லை. விறகும் உணவும் குறைந்துகொண்டே போன அந்தக் குளிரில் 1803 ஏப்ரல் 7 அன்று இறந்தார்.

தலைவர் கப்பலேறிய பிறகு போரை நிறுத்தாமல் நடத்தியது தளபதிகள் அல்லர். தெசலின், கிறிஸ்தோப், கலப்பினத் தளபதி பெத்தியோன் மூவருமே அப்போது லெக்லேரின் கீழ் வேலை பார்த்தார்கள். மலைகளில் கிளர்ந்தவர்களை வேட்டையாடவும் செய்தார்கள். பணியாமல் நின்றவர்கள் ஆப்பிரிக்காவில் பிறந்த சிறு தலைவர்களும் அவர்கள் பின்னால் போன தோட்டத்து ஆட்களும். வடக்கில் அவர்களுக்கு முன்னணியில் நின்றவர் சான் சூசி என்ற கர்னல். லெப்டினன்ட் பதவியில் இருந்த சானித் பெலேர் என்ற இளம்பெண்ணைக் கணவருடன் அக்டோபரில் சுட்டுக் கொன்றார்கள். பெண் என்பதால் தலையை வெட்டச் சொன்ன தீர்ப்பை மறுத்து, வீரருக்குரிய குண்டைக் கேட்டுப் பெற்றார் என்பார்கள்.

அதற்குள் குவாதலூப் தீவில் பிரான்ஸ் அடிமைமுறையை மீண்டும் கொண்டுவந்துவிட்ட செய்தி எட்டியது. இனி ஏமாற யாரும் இல்லை. அக்டோபரில் பெத்தியோன் பக்கம் மாறினார். தெசலினும் கிறிஸ்தோப்பும் தொடர்ந்தார்கள். நவம்பரில் லெக்லேர் மஞ்சள் காய்ச்சலில் இறக்க, அடுத்து வந்த ரொஷாம்போ கியூபாவிலிருந்து வேட்டை நாய்களை வரவழைத்து மனிதர்கள் மேல் ஏவினார். கறுப்பரையும் கலப்பினத்தாரையும் ஒன்று சேர்த்ததில் அவருடைய கொடுமைக்கும் பங்குண்டு. ஆனால் தளபதிகளின் தலைமையை ஏற்க சான் சூசி மறுத்தார். நேற்றுவரை எங்களை வேட்டையாடியவர்களுக்கு இன்று எப்படி வணக்கம் வைப்பது என்ற நியாயமான கேள்விதான் காரணம். 1803இல் பேச வரும்படி அழைத்து, கிறிஸ்தோப்பின் ஆட்கள் அவரைக் கொன்றார்கள். பத்தாண்டு கழித்து, அரசராகிவிட்ட கிறிஸ்தோப் மில்லோ என்ற ஊரில் கட்டிய அரண்மனையின் பெயரும் சான் சூசி. கொல்லப்பட்டவரின் பெயர் அரண்மனைப் பெயருக்குள் மறைந்துபோனது. பாட நூல்களில் அவருக்கு இடம் கிடைப்பது அரிது.

இறுதி வெற்றிக்கு உரியவர் ஜான் ஜாக் தெசலின். தோட்டத்து அடிமையாக வளர்ந்தவர். சாட்டைத் தழும்புகள் முதுகில் கடைசி வரை இருந்தன. 1803 நவம்பர் 18 அன்று வெர்த்தியேரில் அவருடைய படை ரொஷாம்போவை முறியடித்தது. குதிரை குண்டுபட்டு விழ, காப்புவா என்ற அதிகாரி வாளை ஏந்தி நடந்தே முன்னேறியதைக் கண்ட பிரெஞ்சுத் தளபதி, சற்று நேரம் சுடுவதை நிறுத்தி அவரைப் பாராட்டியதாக ஒரு கதை உண்டு. 1804 ஜனவரி 1 அன்று கொனாயீவ் நகரில் விடுதலை அறிவிக்கப்பட்டது. நாட்டுக்கு அதன் பழங்குடிகள் வழங்கிய ஹைத்தி என்ற பெயரையே வைத்தார்கள். அடுத்த மாதங்களில் எஞ்சியிருந்த பிரெஞ்சு வெள்ளையரை, பெண்கள் குழந்தைகள் உட்பட, தெசலின் கொல்லச் செய்தார். மருத்துவர் சிலரும் பிரெஞ்சுப் படையிலிருந்து பிரிந்துவந்த போலந்துக்காரர்களும் ஜெர்மானியரும் தப்பினார்கள். அந்தக் கொலைகளுக்கு முந்தைய நூறாண்டுக் கொடுமை விளக்கம் தரலாம், நியாயம் ஆகாது. 1805 அரசியல் சட்டம், நிறம் எதுவானாலும் குடிமக்கள் அனைவரையும் கறுப்பர் என்றே அழைக்கச் சொன்னது.

கரும்பு வெட்டுவது யார் என்ற கேள்வியில் தெசலினும் தூசான் வழியிலேயே போனார். இன்னொரு பக்கம், வெள்ளைத் தந்தையரின் நிலங்களைச் சுருட்டிக்கொண்ட கலப்பினத்தாரின் பட்டாக்களைச் சரிபார்க்க உத்தரவிட்டார். 1806 அக்டோபர் 17 அன்று போன் ரூஜ் பாலத்தருகே சொந்த அதிகாரிகளே அவரைக் கொன்றார்கள்.

பிறகு நாடு இரண்டாகப் பிரிந்தது. வடக்கில் கிறிஸ்தோப் 1811இல் முடிசூடிக்கொண்டார்; பள்ளிகள் திறந்தார்; மலையுச்சியில் மாபெரும் கோட்டை எழுப்பினார்; கட்டாய உழைப்பால் சர்க்கரையும் கருவூலமும் நிறைந்தன. 1820இல் உடல் முடங்கி, படையும் கலகம் செய்ய, தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். தெற்கில் குடியரசுத் தலைவரான பெத்தியோன், பெருந்தோட்டங்களைத் துண்டுபோட்டுப் படைவீரர்களுக்கு நிலமாகக் கொடுத்தார். கருவூலம் காலியானது, மக்கள் அவரை நேசித்தார்கள். தென் அமெரிக்க விடுதலைக்காகப் போராடிய சிமோன் பொலிவாருக்கு அவர் ஆயுதமும் ஆளும் தந்து, பதிலுக்குக் கேட்டது அங்குள்ள அடிமைகளின் விடுதலையை மட்டும்தான்.

அடுத்து வந்த புவாயே நாட்டை மீண்டும் ஒன்றாக்கினார். 1825இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் துறைமுகத்தில் நின்று மிரட்ட, விடுதலையை அங்கீகரிக்கும் விலையாக 15 கோடி பிராங்க் தர அவர் ஒப்புக்கொண்டார். பழைய முதலாளிகளின் இழப்புக்கான ஈடு அது. இழந்த அடிமைகளின் மதிப்பும் அந்தக் கணக்கில் இருந்தது. முதல் தவணைக்கே பாரிஸில் கடன் வாங்க வேண்டியிருந்தது. 1838இல் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். பணத்துக்காக 1826இல் புவாயே கொண்டுவந்த கிராமச் சட்டம் உழவர்களை மீண்டும் தோட்டங்களில் கட்டிவைக்கப் பார்த்தது. அதை நிறைவேற்ற ஆளில்லை. மக்கள் ஏற்கெனவே மலைச்சரிவுகளில் சொந்தக் காணி போட்டுக் குடியேறிவிட்டார்கள். சர்க்கரை ஏற்றுமதி ஏறத்தாழ நின்றே போனது. பிரான்சுக்கான தவணைகள் பெரும்பாலும் அந்தச் சிறு காணிகளில் விளைந்த காப்பியின் ஏற்றுமதி வரியிலிருந்து போயின. இழப்பீட்டைத் தொடர்ந்து ஏறிய கடன்களின் கடைசிப் பகுதி தீர்ந்தது 1947இல்.