நினைவுள்ள மின்தடை

கடலூரை அடுத்த எங்கள் குடிகாட்டில் புல்வெளியில் ஒருமுறை நடந்தால் தடம் மறைந்துவிடும். நாள்தோறும் நடந்தால் ஒற்றையடிப் பாதை உண்டாகும். மூளையிலும் ஏறத்தாழ இப்படித்தான். இரு நரம்பணுக்களுக்கிடையே துடிப்புகள் திரும்பத் திரும்பச் சென்றால் அவற்றின் இணைப்பு வலுப்படுகிறது. பாடத்தைப் பலமுறை படிக்கச் சொல்வது இதனால்தான்.

கணிப்பொறியிலோ நினைவகம் ஓரிடம், கணக்கிடும் பகுதி வேறிடம். செய்திகள் இடையே ஓயாமல் சென்று வருவதிலேயே மின்னாற்றல் பெரிதும் செலவாகிறது. மூளைக்குச் சுமார் 20 வாட் போதும்!

பள்ளியில் நாம் படித்த மின்தடைக்கு நேற்றைய நினைவு கிடையாது. தன்னுள் பாய்ந்த மின்னோட்டத்திற்கேற்பத் தடை மாறி, மின்சாரம் நின்ற பின்னும் அம்மாற்றத்தைக் காக்கும் உறுப்புக்கு 'மெம்ரிஸ்டர்' என்று பெயர். லியான் சுவா 1971-இல் இதனைக் கோட்பாடாகக் கூறினார், எச்.பி. ஆய்வகத்தார் 2008-இல் செய்து காட்டினர்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஸ்ரீதோஷ் கோஸ்வாமி குழுவினர் செய்த மூலக்கூறு மென்படலத்தில், மின்துடிப்பு தருந்தோறும் மூலக்கூறுகளும் அயனிகளும் சற்றே இடம் மாறுகின்றன. இவ்வாறு 16,500 மின்கடத்து நிலைகள் கிடைப்பதாக 2024-இல் அறிவித்தனர். நினைவிருக்கும் இடத்திலேயே கணக்கும் நடக்கும், மின்சாரம் மிச்சமாகும்.

ஆயினும் இது மூளையன்று; மூளையின் ஓர் இணைப்பைப் போன்றதே. அத்தகைய இணைப்புகள் நம் தலைக்குள் கோடானுகோடி உள்ளன.